மாப்பிள்ளை வண்டியின் பின் டயர்கள்

எனக்கு அறுபத்தேழு வயது. பெற்றது எட்டுப் பேர், வளர்த்தது பதினொரு பேர். மிச்ச மூன்று பேர், செத்துப்போன என் கொழுந்தனின் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் நான் கால் வைத்ததில்லை. முதலில் வண்டி நம்பர் படிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு ஊர்ப் பெயர்ப் பலகை, அதற்கும் பிறகு செய்தித்தாள். எழுத்து மெதுவாகத்தான் வரும். எனக்கும் அவசரம் இல்லை.

போடியில் என் வீட்டுக்காரர் காலமான பிறகு இருபத்திரண்டு வருஷம் இரண்டு பிளசர் கார்களை வாடகைக்கு விட்டு நடத்தினேன். மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் வண்டிகள். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் விடிந்ததும் எட்டு டயரையும் கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை மலையேற விட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாக்காவில் நடந்ததை வாய்ச்சவடால் என்று யாரும் நினைக்கக் கூடாது.

மலாக்காவில் என் கடைசி மகள் ராசாமணி இருக்கிறாள். கல்யாணமான கையோடு கப்பலேறியவள். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை முத்தையா அங்கே டாக்சி ஓட்டுகிறார், சொந்த வண்டி. போன சித்திரையில் ராசாமணியின் கடிதம் வந்தது. எல்லோரும் சௌக்கியம் என்று அதில் மூன்று தடவை எழுதியிருந்தாள். ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். உடனே புறப்பட்டுவிட்டேன்.

கப்பலில் வாந்தி எடுத்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலாக்காவில் இறங்கினேன். என்னைக் கூட்டிப்போக ராசாமணி தனியாக வந்திருந்தாள், அதுவும் மூன்று சக்கர சைக்கிள் வண்டியில். டாக்சிக்காரர் பெண்டாட்டிக்கு ஏன் இந்த வண்டி என்று கேட்டதற்கு, "அவருக்குச் சவாரி இருக்கும்மா" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறும்போது சைக்கிள் சங்கிலி கழன்றது. ஓட்டிய சீனர் என்னைவிட மூத்தவர். நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். அவர் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். "எல்லா சவாரியும் இப்படி இருந்தா நல்லா இருக்குமாம்" என்று ராசாமணி மொழிபெயர்த்தாள்.

ஊர் நடுவில் கட்டடங்கள் எல்லாம் செங்காவி பூசியதுபோல் சிவப்பாக இருந்தன. அதைத் தாண்டினால் மகள் குடியிருக்கும் காஜா பெராங். பலகை வீடுகள், வாசலுக்கு வாசல் செம்பருத்தி, தெருவுக்குத் தெரு கோவில். எங்கள் ஊரில் மழை வந்தால் தெருவில் நின்று பார்ப்போம். இங்கே மூன்று மணி அடித்தால் மழை வந்துவிடுகிறது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

வீட்டு முன்னால் ரம்புத்தான் மரத்தடியில் வண்டி நின்றது. சவாரி எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் போகாமலே எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. வண்டி நேராக ஓடினால் பின் டயர் முன் டயரின் தடத்தை மிதித்து அழித்துவிடும். திரும்புகிற இடத்தில்தான் இரண்டு தடமும் பிரிந்து கிடக்கும். வாசலுக்குள் திரும்பிய ஈர மண்ணில் முன் தடம் மீன்முள் மாதிரி வெட்டு வெட்டாகப் பதிந்திருந்தது. பின் தடம் நாலு கோடு, அதுவும் அரைகுறை. முன்னால் ஒரு மார்க், பின்னால் வேறு மார்க். முன்னால் புதுசு, பின்னால் கிழம். நான் கைப்பையைக் கீழே வைப்பதற்குள் இதைப் பார்த்துவிட்டேன்.

மாப்பிள்ளை வெளியே வந்தார். நாற்பத்திரண்டு வயதுக்குத் தலை நிறைய நரைத்திருந்தது. கும்பிட்டார், ராசாமணியிடம், "அத்தைக்குச் சுடுதண்ணி போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. மகள் நடுவில் நிற்பாள், அவள் வழியாகத்தான் எல்லாம். பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மரியாதை என்றால் அதுதான்.

திங்கட்கிழமை காலையில் அடுப்படியிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று எழுந்து ஓடினேன். ராசாமணி ஒரு கறுப்புக் கட்டியைக் கரண்டியில் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். இறால் அரைத்துக் காயவைத்த கட்டி, பெலாச்சான் என்று பெயர். அதை மிளகாயோடு இடித்துத் தேங்காய்ப்பால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டேன். இரண்டாவது வாய்க்கு மூக்கைப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வாய் என்று கேட்கக் கூடாது.

அந்த உரலடியில்தான் ராசாமணி விஷயத்தைச் சொன்னாள். குருபோங் போகிற ரோட்டில் கித்தாத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு இறக்கம், அதில் ஒரு வளைவு. ரப்பரை இங்கே கித்தா என்கிறார்கள். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை, மழையில், அந்த வளைவில் மாப்பிள்ளை வண்டி சுழன்று, வந்த திசையையே பார்த்து நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் பேர் போய்விட்டது. போக மனசில்லாத வண்டி என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். சவாரி நின்றுவிட்டது. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று, அர்ச்சனை செய்தாயிற்று. மந்திரிக்கிற மலாய்க்காரர் ஒருவர், வளைவில் ஏதோ நிற்கிறது என்று தண்ணீர் ஓதித் தெளித்தார். கடைசியில் மாப்பிள்ளை ஒரு முடிவெடுத்தார். வரும் சனிக்கிழமை பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து ஒரு ஆள் வந்து வண்டியை வாங்கிக்கொண்டு போகிறார்.

"அப்புறம் அவர் என்ன செய்வார்?" என்றேன்.

"லாரியில மூட்டை ஏத்தப் போறாராம்மா. இனிமே ஸ்டேரிங்கத் தொடமாட்டேங்கிறார். யாரையாவது கொன்னுடுவேனோன்னு பயம் வந்துட்டுது அவருக்கு." அவள் உலக்கையை நிறுத்தவில்லை. அழுகை மிளகாயால் வந்ததா என்று நான் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். மாக் தங்கம். மாக் என்றால் அம்மா. நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் பூப்போட்ட கைலி, மேலே பொத்தானுக்குப் பதில் ஊசி குத்திய மெல்லிய சட்டை. நம் ஆள் என்று நினைத்து, "உங்களுக்கு எந்த ஊரு?" என்றேன். அவர் மலாயில் பதில் சொன்னார். இவர்கள் செட்டிகளாம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்து இங்கே பெண் கட்டித் தங்கியவர்கள். தமிழ் மறந்துவிட்டது. ஆனால் பூசை, தாலி, மாலை என்று நடுநடுவே வார்த்தை வருகிறது. சாமியும் மறக்கவில்லை. அவர் பேசுவதைக் கேட்டபோது, கடல் தாண்டியும் பாட்டன் பெயரை விடாமல் வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது.

அவர் வந்தது சங்கடமான காரியத்துக்கு. வெள்ளிக்கிழமை பேத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளைப் பையன் குருபோங்குக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. தாலி கட்டி முடிந்ததும் பெண்ணை அங்கே அழைத்துப்போக முத்தையா வண்டியைத்தான் சொல்லியிருந்தார்கள். இப்போது வேண்டாம் என்கிறார்கள். ராசாமணி மெதுவாக எனக்குச் சொன்னாள். "புருஷன் வீட்டுக்குப் போற பொண்ணு பாதி வழியில தாய் வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்னா நல்லதில்லைங்கிறாங்கம்மா." அதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை நான் கித்தா மரம் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். குருபோங் பக்கத்து மரம்தான் வேண்டும் என்றேன். மாமியார் ஆசைப்பட்டால் மறுக்க முடியுமா? மழைக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்று மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். நானும் ராசாமணியும் பின்னால். நான் பொடி டப்பாவைத் தேடுகிறேன் என்று இரண்டரை மணி வரை கிளம்பவிடவில்லை.

வழியெல்லாம் கித்தா மரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் இடுப்பில் ஒரு கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு. இந்தப் பால்தான் கப்பலேறி வெள்ளைக்காரன் ஊருக்குப் போய் டயராகித் திரும்புகிறது. பெற்ற ஊர் இது. பேர் வைத்தது அவன்.

நான் பேச்சை ஆரம்பித்தேன். "ராசாமணி, உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேளு. புது டயரை ஏன் முன்னாடி போட்டிருக்காராம்?"

அவள் திரும்புவதற்குள் அவர், "ராசாமணி, முன்னாடி டயர் வெடிச்சா காடி கையில நிக்காதுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. ஸ்டேண்டுல எல்லாருமே நல்லதை முன்னாடிதான் போடுவாங்க" என்றார். இந்த ஊரில் காரைக் காடி என்கிறார்கள், பேச்சின் வாலில் லா என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

"டயர் எப்பவோ ஒரு நாள் வெடிக்கும். மழை தினமும் பெய்யுதுன்னு சொல்லு."

"பத்தொன்பது வருஷமா ஓட்டுறேன்னு சொல்லு லா."

"சுத்தினது எத்தனை வருஷமான்னு கேளு."

ராசாமணி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே வண்டிக்குள் எங்கள் இருவர் குரலும் நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். நல்ல வளர்ப்பு.

மழை பிடித்துக்கொண்டது. இறக்கம் வந்தது. மாப்பிள்ளை மெதுவாகத்தான் போனார், குற்றம் சொல்ல முடியாது. வளைவில் ரோடெல்லாம் கித்தா இலை. இடப்பக்கம் திருப்பினார். முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. என் இருக்கைக்குக் கீழே மட்டும் வண்டி வெண்ணெய்மேல் உட்கார்ந்த மாதிரி வலப்பக்கம் போயிற்று. அவர் பயந்து பிரேக்கை மிதித்தார்.

"பிரேக்க விடுங்க மாப்பிள்ளை. வால் போற பக்கமே ஒடிங்க."

காலை எடுத்தார், ஒடித்தார். வண்டி குறுக்கே ஆடி, புல்லில் இரண்டு சக்கரம் ஏறி நின்றது. முகம் குருபோங்கைப் பார்த்தபடிதான்.

"அத்தை, அடி படலியே?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் ஸ்டேரிங்கைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ராசாமணிதான் பாவம், யாரிடம் யார் பேசியதைச் சொல்வது என்று தெரியாமல் விழித்தாள்.

நான் இறங்கினேன். நனைந்தால் கரையமாட்டேன். ரோட்டோரச் சேற்றில் தடம் அப்படியே எழுதி வைத்த மாதிரி இருந்தது. மீன்முள் தடம் அறுந்துபோகாமல் வளைந்து வந்திருந்தது. நாலு கோட்டுத் தடம், மாவில் விரலால் இழுத்த மாதிரி ஒரே இழுப்பாக ஒரு பக்கம் போயிருந்தது. போடி மலையில் பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில் என் வண்டி ஒன்று இப்படித்தான் சுற்றி, ஓரக் கல்லில் தொங்கியது. டிரைவர் அது முனி வேலை என்றார். நான் மலையேறிப் போய்த் தடத்தைப் பார்த்தேன். டயரை முன்பின்னாக மாற்றிப் போட்டேன். அன்றைக்கே முனி என் வண்டிகளை விட்டுப் போய்விட்டது.

இதை ராசாமணியிடம் சொன்னேன். "முன்னாடி வழுக்கினா ஓட்டுறவர் கைக்குத் தெரியும். காலை எடுப்பார், வண்டி திரும்பிக்கும். பின்னாடி வழுக்கினா தெரியவே தெரியாது. தெரியும்போது வண்டி ஊரைப் பார்த்து நிக்கும். மார்க் வேற வேறயா இருக்கலாம். ஆனா பிடிப்பு உள்ளது பின்னாடி இருக்கணும்."

மாப்பிள்ளை குனிந்து நெடுநேரம் சேற்றைப் பார்த்தார். மழை அவர் முதுகில் கொட்டியது. நிமிர்ந்தபோது, "ராசாமணி, நாளைக்கு உங்கம்மாவை டயர் கடைக்குக் கூட்டிட்டு வா" என்றார்.

புதன்கிழமை கடைக்குப் போனோம். ஊருக்குள் டாக்சி ஸ்டேண்டை ஒட்டிய சீனர் கடை. முதலாளியைத் தவுக்கே என்கிறார்கள். அவர் மலாயில் சொல்ல, மாப்பிள்ளை அதைத் தமிழில் ராசாமணியிடம் சொல்ல, ராசாமணி என்னிடம் சொல்வாள். பதில் அதே வழியில் திரும்பும். மூன்று வாய் தாண்டி வருவதற்குள் தவுக்கே ஒரு டயரே கழற்றிவிடுவார்.

ஸ்டேண்டில் இருந்தவர்கள் கோப்பிக் கோப்பையோடு வந்து நின்றுவிட்டார்கள். பொன்னுசாமி என்ற டிரைவருக்கு வாய் நீளம். "என்ன முத்தையா, காடிக்குப் புது தவுக்கே வந்துட்டாங்களா? மெர்டேக்கா வரப்போகுது, உனக்கு மட்டும் இல்ல போல லா" என்றார். மெர்டேக்கா என்றால் சுதந்திரம். அந்த மாதம் கடைக்குக் கடை அந்தப் பேச்சுதான், புதுக்கொடி தைக்கிற மிஷின் சத்தம்தான். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆயிற்றே, என்ன மாறியது என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். கொடி மாறியது, ரோட்டில் குழி அப்படியே இருக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுசாமி சிரிக்கவில்லை, அவருடைய வேடிக்கையை நான் கெடுத்துவிட்டேன்.

பழைய டயர்களை முன்னால் போட நான் சம்மதிக்கவில்லை. இங்கே ஒரு காசு சதுரமாக இருக்கிறது. அதை டயர் வெட்டுக்குள் நிறுத்திப் பார்த்தேன், ஓரம்கூட மறையவில்லை. தவுக்கே குவியலிலிருந்து அதே நாலு கோட்டு மார்க்கில் ஆழம் உள்ள ஒன்றை எடுத்துக் காட்டி, ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார். முடியாது என்றேன். முன்னும் பின்னும் வேறு மார்க் இருக்கலாம். ஒரே அச்சின் இரண்டு முனையில் ஒன்று கிழமும் ஒன்று குமரியுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதற்கு ஜோடியைத் தேடி எடுக்கவைத்தேன். தவுக்கே குவியலைப் பாதி கலைத்தார். கடைசியில் ஏதோ சொன்னார். அது மூன்று வாய் தாண்டி வந்தபோது, "இந்த அம்மா கடை வைத்தால் நான் மூடிவிடுவேன்" என்று இருந்தது.

மீன்முள் பின்னால் போயிற்று. நாலு கோடு ஜோடி முன்னால் வந்தது. வியாழக்கிழமை மாப்பிள்ளை மழைக்குள் தனியாகப் போய் அந்த வளைவில் நாலு தடவை போய்த் திரும்பினார். வந்தவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அன்று மாலை நானே மாக் தங்கம் வீட்டுக்குப் போனேன். பந்தலில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டியே வரும் என்றேன். மாக் தங்கம் என் முகத்தையே பார்த்தார். "நீங்கள் அந்த வண்டியில் உட்காருவீர்களா?" என்று கேட்டதாக ராசாமணி சொன்னாள். முன்னால் உட்காருவேன் என்றேன். அவர் ஒரு வெற்றிலையை என் கையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை தாலி கட்டி, படையல் சாப்பிட்டு, பெண்ணையும் மாப்பிள்ளைப் பையனையும் மாக் தங்கத்தையும் பின்னால் ஏற்றினோம். ராசாமணிக்கு இடமில்லை. நான் முன்னால், முத்தையா பக்கத்தில். நடுவில் பேச ஆள் இல்லாமல் நானும் அவரும் ஒரு வண்டியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நகரம் தாண்டும் வரை அவர் கண்ணாடியைப் பார்த்து இருமினார், நான் என் வளையலைப் பார்த்தேன். மூன்று மணிக்கு மழை தவறாமல் வந்தது.

இறக்கத்தில், பின்னாலிருந்து மாக் தங்கம் முருகா முருகா என்று சொல்வது கேட்டது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. வளைவில் இலை ஈரமாகப் பளபளத்தது. அவர் திருப்பினார்.

"முன்னாடி லேசா விலகுது, அத்தை."

"தெரியுது. காலை எடுங்க."

எடுத்தார். முன்பக்கம் ஒரு முழம் வெளியே போக நினைத்தது, பிறகு மனம் மாறி ரோட்டுக்கு வந்தது. பின்பக்கம் அசையவே இல்லை. என் இருக்கைக்குக் கீழே பாறையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வளைவு முடிந்து மேட்டில் ஏறினோம். கல்யாணப் பெண் குருபோங்கைப் பார்த்தபடியே புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

திரும்பி வரும்போது அதே வளைவில் அவர் வண்டியை நிறுத்தவில்லை, மெதுவாக்கக்கூட இல்லை. "முனி எறங்கிப் போயிட்டுது போல" என்றார். பத்தொன்பது வருஷமாக என் மாப்பிள்ளை வேடிக்கையாகப் பேசுவார் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

சனிக்கிழமை பத்து பெரெண்டாம்காரர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்னால் பழசும் பின்னால் புதுசும் மாற்றி மாட்டியிருக்கிறதே, யார் செய்த வேலை என்று கேட்டார். மாப்பிள்ளை துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எங்க அத்தை மாட்டினது. கொடுக்கிறதுக்கு இல்ல" என்றார். அவருக்குக் கோப்பி கொடுத்து அனுப்பினோம்.

அடுத்த வாரம் ஸ்டேண்டில் நாலு வண்டிக்கு டயரை மாற்றிப் போட்டார்களாம். தவுக்கே காரணம் கேட்கவில்லை, கழற்றி மாட்டினாராம். பொன்னுசாமியும் மாற்றிவிட்டார். கேட்டவர்களிடம், "நான் எப்பவுமே இப்படித்தான் போடுவேன் லா" என்று சொல்கிறாராம். சொல்லட்டும். அவர் வண்டியில் ஏறுகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

நான் புறப்படும் வரை மாப்பிள்ளைக்கு ஒரு நாளும் சவாரி ஒழியவில்லை. நாங்கள் மறுபடியும் ராசாமணி வழியாகவே பேசிக்கொண்டோம். வழக்கம் வழக்கம்தான். வண்டிக்குள் மட்டும் அது இல்லை என்று இரண்டு பேரும் சொல்லாமலே வைத்துக்கொண்டோம்.

இவ்வளவுதான். பதினேழு நாள் எழுதினேன், கை வலிக்கிறது. செல்வி, பாட்டியிடம் வா. விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சத்தமாக வாசி, நான் கேட்கிறேன். எழுத்து தப்பாக இருந்தால் திருத்து. நான் சொன்னது சரியாக இருந்தது என்று வருகிற இடங்களில் மட்டும் நிறுத்தி வாசி.